எட்டாம் தொகுதி, ஐந்தாம் வாசல்

இத்தாலியின் பொம்பெயி நகரில் 1.8.5 என்று ஒரு முகவரி உண்டு. முதலாம் வட்டாரம், எட்டாம் மனைத்தொகுதி, ஐந்தாம் வாசல். அதே தொகுதியில் 1.8.8 ஓர் உணவுக்கடை. அதே வரிசையில் மேற்கே போனால் 1.6.7 என்ற சலவைக்கூடம். கிழக்கே நடந்தால் 2.4, ஜூலியா ஃபெலிக்ஸ் என்ற பெண்ணுக்குச் சொந்தமான குளியல் கூடங்களும் தோட்டமும். கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்த நாளோடு இந்த வாசல்களில் புழக்கம் நின்றது.

இந்த எண்களை அங்கே வாழ்ந்தவர்கள் அறிந்திருக்கவில்லை. அவர்கள் காலத்துக்கு ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்குப் பிறகு ஜுசெப்பே ஃபியொரெல்லி என்ற தொல்லியலாளர் நகரை வட்டாரம், தொகுதி, வாசல் என்று பிரித்து எண்ணிட்டார். 1748இல் தொடங்கிய அகழ்வு நெடுங்காலம் அரசரின் சேகரிப்புக்குச் சிலைகளையும் ஓவியங்களையும் பெயர்த்தெடுக்கும் வேலையாகவே நடந்துவந்தது. எந்தப் பொருள் எந்த வாசலுக்குள் கிடைத்தது என்று ஒழுங்காக எழுதிவைக்க ஃபியொரெல்லியின் எண்கள் வழி செய்தன. அப்படிக் குறித்துவைத்த பிறகுதான் அந்தப் பொருள் யார் கையில் இருந்தது என்று கேட்கவே முடிந்தது.

மேலே சொன்ன வாசல்கள் எல்லாம் ஒரே தெருவில் திறக்கின்றன. அதன் இன்றைய பெயர் வியா தெல் அபொந்தான்சா, அதாவது வளமைத் தெரு. தெருவின் மேற்கு முனையில் ஒரு குடிநீர்த் தொட்டியில் செதுக்கியிருந்த பெண்முகத்தை வளமைத் தெய்வம் என்று நினைத்து வைத்த பெயர் அது. அந்த முகம் ஒற்றுமைத் தெய்வமான கொன்கார்தியாவுடையது என்று பின்னால் தெரியவந்தபோது பெயர் நிலைத்துவிட்டிருந்தது. ஃபோரம் எனப்படும் நகர மன்றத்தில் தொடங்கிக் கிழக்கே சார்னோ வாயில்வரை, ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக நீள்கிறது இந்தத் தெரு. இதில் வாழ்ந்த வண்ணார், ரொட்டி சுடுபவர், கடைப் பெண்கள் ஆகியோரைப் பற்றி ரோமானிய வரலாற்றாசிரியர்கள் ஒரு வரியும் எழுதவில்லை. இருந்தும் அவர்களில் சிலரின் பெயர், தொழில், நோய், வாக்கு கேட்ட வேட்பாளர் வரை இன்று நமக்குத் தெரியும். கல், சாந்து, சாம்பல், எலும்பு ஆகியவற்றைப் படிக்கக் கற்றுக்கொண்டதால் கிடைத்த அறிவு இது.

புதைத்ததே காத்தது

பொம்பெயிக்கு வடமேற்கே ஏறத்தாழ 10 கிலோமீட்டரில் வெசுவியஸ் நிற்கிறது. வெடிப்பு நண்பகல் கடந்து தொடங்கியது. சாம்பலும் கல்லும் கலந்த தூண் 30 கிலோமீட்டர் உயரத்துக்கு எழுந்தது. மேலே காற்று தென்கிழக்காக அடித்துக்கொண்டிருந்தது. பொம்பெயி இருந்ததும் அந்தத் திசையில்தான். வாயு நிறைந்த எரிமலைக் குழம்பு சட்டென்று ஆறினால் துளைகள் நிறைந்த நுரைக்கல்லாகிவிடும். அந்த நுரைக்கல் மணிக்கு ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் என்ற கணக்கில் மாலையும் இரவும் பொழிந்தது. பாரம் தாங்காமல் கூரைகள் சரிந்தன. மறுநாள் காலை வேறொரு வகை அழிவு வந்தது. கொதிக்கும் வாயுவும் நுண்சாம்பலும் கலந்த அனல்வெள்ளம் மலைச்சரிவில் உருண்டிறங்கி நகரின் மேல் பாய்ந்தது. எல்லாம் முடிந்தபோது நகரத்தின் மேல் 4 முதல் 6 மீட்டர் கனத்துக்குப் படிவு கிடந்தது.

இந்த இரண்டும் இந்த வரிசையில் வந்ததால்தான் தெரு தப்பியது. முதலில் விழுந்த நுரைக்கல் தெருவை நிரப்பி, இருபுறச் சுவர்களின் கீழ்ப்பகுதிக்கு முட்டுக் கொடுத்தது. பின்னால் வந்த நுண்சாம்பல், விழுந்து கிடந்த உடல்களையும் மரக்கதவுகளையும் சுற்றி அச்சுப்போல இறுகியது.

வெடிப்பு நடந்த நாள் ஆகஸ்ட் 24 என்றே பாடநூல்கள் சொல்லிவந்தன. 2018இல் நகரின் ஐந்தாம் வட்டாரத்தில் ஒரு வீட்டுச் சுவரில், நம் கணக்கில் அக்டோபர் 17 ஆகும் ஒரு தேதியைக் கரியால் கிறுக்கி வைத்திருந்தது கண்டெடுக்கப்பட்டது. இலையுதிர்காலத்துப் பழங்களின் எச்சங்களும் முன்பே கிடைத்திருந்தன. அதனால் வெடிப்பு அக்டோபரில் நடந்திருக்க வேண்டும் என்ற கருத்து இப்போது வலுப்பெற்றிருக்கிறது. விவாதம் இன்னும் முடியவில்லை.

தெருவின் கிழக்குப் பகுதியை வெளியே கொண்டுவந்தவர் வித்தோரியோ ஸ்பினாட்சோலா. 1911 முதல் பத்தாண்டுகளுக்கு மேல் அவர் இங்கே வேலை செய்தார். அதற்கு முன்பு தெருமட்டத்தில் இறங்கிப் பக்கவாட்டில் வெட்டிக்கொண்டே போவது வழக்கம். அப்படி வெட்டும்போது மண்ணைப் பிடிமானமாகக் கொண்டிருந்த மேல்மாடிச் சுவர்கள் சரிந்து, எது எங்கே இருந்தது என்றே தெரியாமல் போய்விடும். ஸ்பினாட்சோலா மேலிருந்து அடுக்கடுக்காக இறங்கினார். நெகிழ்ந்த கல்லை நெகிழ்ந்த இடத்திலேயே நிறுத்தினார், மக்கிப்போன உத்தரத்துக்குப் பதிலாகப் புது மரம் செருகினார். மாடி முகப்பும், தெருவைப் பார்த்து நீண்ட பால்கனியும், கடை வாசலுக்கு மேல் சரிந்த தாழ்வாரமும் இந்தத் தெருவில் எஞ்சியது அவரது நிதானத்தால்தான்.

தரையில் பதிந்தவை

தெருவில் பாவியிருப்பவை எரிமலைப் பாறையில் வெட்டிய பெரிய கற்கள். நகரத்தை அழித்த மலையின் பழைய குழம்பு இறுகிய கல்லே அதன் தெருவுக்கும் தளமாகியிருந்தது. அந்தக் கல்லில் வண்டிச்சக்கரங்கள் ஆழமாகத் தடம் பதித்திருக்கின்றன. இரும்புப் பட்டை போட்ட சக்கரங்கள் தலைமுறை தலைமுறையாக உருண்டு அறுத்த தடங்கள்.

அமெரிக்க ஆய்வாளர் எரிக் போலர் இந்தத் தேய்மானத்தை நகரம் முழுக்க அளந்து பார்த்தார். மழைநீரும் தொட்டிகளிலிருந்து வழியும் நீரும் ஓடும்போது கால் நனையாமல் கடக்க, தெருவின் குறுக்கே உயரமான மிதிகற்கள் வைத்திருந்தார்கள். இடைவெளியில் சக்கரங்கள் புகுந்துபோகும். ஓட்டுநர் சற்றுத் தவறினால் சக்கரம் மிதிகல்லில் உரசும், வண்டி வரும் பக்கத்தில் கல் தேயும். எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தால் வண்டி எந்தத் திசையிலிருந்து வந்தது என்பது விளங்கிவிடும். தெருமுனை ஓரக்கற்களில் உள்ள உராய்வைப் பார்த்தால் எந்தப் பக்கம் திரும்பியது என்பதும் விளங்கும். இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தபோது, குறுகிய சந்துகள் ஒருவழிப் பாதைகளாக இருந்ததும், அகன்ற தெருக்களில் வண்டிகள் வலப்பக்கமாகப் போனதும் தெரியவந்தன. எந்தச் சட்டநூலிலும் எழுதப்படாத போக்குவரத்து ஒழுங்கு தரைக்கல்லில் எழுதியிருந்தது.

அபொந்தான்சா தெருவின் மேற்கு முனையில் இந்தத் தடங்கள் நின்றுவிடுகின்றன. மன்றத்துக்குள் வண்டி நுழையாதபடி அங்கே நிமிர்ந்த கற்களை நட்டிருந்தார்கள். மன்றம் நடப்பவர்களுக்கு மட்டும்.

தேய்ந்த கல்லை மாற்றுவது பெரிய வேலை, தெருவை மாதக்கணக்கில் அடைக்க வேண்டும். அதற்கு நகரத்தார் ஒரு மாற்றுவழி கண்டிருந்தார்கள். சில தெருக்களின் தடங்களிலும் பள்ளங்களிலும் இரும்பு உருக்கி ஊற்றப்பட்டிருப்பதைப் போலரும் அவரது குழுவினரும் 2019இல் வெளியிட்ட ஆய்வில் விளக்கினார்கள். எடுத்துச் சென்ற வழியில் சிந்திய இரும்புத் துளிகள்கூடக் கற்களில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ரோமானியர் இரும்பை இப்படிப் பாய்ச்சும் அளவுக்கு உருக்கித் தெருவைச் செப்பனிட்டிருப்பார்கள் என்று அதற்கு முன் யாரும் எதிர்பார்க்கவில்லை.

தெருமுனைத் தொட்டிகளுக்கு நீர், நகரின் உயரமான மூலையில் வெசுவியஸ் வாயிலருகே இருந்த பகிர்மானக் கட்டடத்திலிருந்து ஈயக் குழாய்களில் வந்தது. சரிவில் இறங்கும் நீரின் அழுத்தத்தைக் குறைக்க இடையிடையே கோபுரங்கள் கட்டி, அவற்றின் உச்சியில் சிறு தொட்டிகள் வைத்திருந்தார்கள். நகரில் நாற்பதையொட்டிய தெருத் தொட்டிகள் இருந்தன. பெரும்பாலான வீடுகளிலிருந்து சில பத்து மீட்டர் நடந்தால் தண்ணீர் கிடைத்துவிடும். தொட்டியின் ஓரத்தில் ஒரு கையை ஊன்றிக் குனிந்து குழாயில் வாய் வைத்துக் குடித்தவர்களின் உள்ளங்கை பட்டுப் பட்டு, அந்த இடத்தில் கல் வழவழப்பாகக் குழிந்திருக்கிறது. பெயர் தெரியாத ஆயிரக்கணக்கான மனிதர்கள் ஒரே இடத்தில் கை வைத்ததற்கு இதைவிட உறுதியான ஆதாரம் கிடைக்காது.

சுவரில் எழுதிய பெயர்கள்

பொம்பெயியில் ஆண்டுதோறும் தேர்தல் நடந்தது. நகரத் தலைவர்கள் இருவர். தெருக்களையும் கோயில்களையும் பொதுக் கட்டடங்களையும் கவனிக்கும் அலுவலர்கள் இருவர். வேட்பாளரை ஆதரித்துச் சுவரில் சிவப்பிலும் கறுப்பிலும் எழுதுவது தொழில்முறை எழுத்தர்களின் வேலை. தேர்தல் முடிந்ததும் வெள்ளையடித்து, அதன்மேல் அடுத்த தேர்தலுக்கு எழுதுவார்கள். நகரம் முழுவதும் இப்படி ஆயிரக்கணக்கான அறிவிப்புகள் எஞ்சியிருக்கின்றன. மன்றத்துக்குப் போகும் வழி என்பதால் அபொந்தான்சா தெருச் சுவர்களில் அவை நெருக்கமாக இருக்கின்றன. வண்ணார், ரொட்டி சுடுபவர், பழக்கடைக்காரர், பொற்கொல்லர், கோவேறு கழுதை ஓட்டுபவர் எனத் தொழிற்குழுவினர் பலர் இன்னாரை ஆதரிக்கிறோம் என்று எழுதுவித்திருக்கிறார்கள்.

பெண்களுக்கு வாக்கு இல்லை. ஆனாலும் இந்தத் தெருவில் அசெல்லினா என்பவரின் பெயரால் அறியப்படும் மதுக்கடையின் முகப்பில் ஏக்லே, மரியா, ஸ்மிரினா என்ற பெண்களின் பெயர்கள் ஆதரவாளர்களாக எழுதப்பட்டிருந்தன. ஒன்று கிரேக்கச் சாயல், ஒன்று யூதச் சாயல், ஒன்று ஆசியாவின் ஸ்மிர்னா நகரை நினைவூட்டுவது. அடிமைகளாகவோ அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டவர்களாகவோ இருந்திருக்கலாம். ஸ்மிரினா ஆதரித்தவர்களில் ஒருவர் காயுஸ் ஜூலியுஸ் பொலிபியுஸ். அவருக்கான அறிவிப்பில் ஸ்மிரினாவின் பெயர்மேல் மட்டும் யாரோ பிற்பாடு சுண்ணாம்பு பூசியிருக்கிறார்கள். மதுக்கடைப் பெண்ணின் ஆதரவை வேட்பாளர் தரப்பு விரும்பாமல் இருந்திருக்கக்கூடும். பூசியவர் மறைக்க நினைத்த பெயர் இன்று உலகெங்கும் படிக்கப்படுகிறது. வாக்கில்லாத ஒருத்தி பொதுச்சுவரில் தன் பெயரை எழுதவைத்தாள் என்பதை எண்ணும்தோறும் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

தெருவின் மேற்கு முனையில் இதற்கு நேரெதிரான ஒரு பெண்ணும் உண்டு. யூமாக்கியா, நகரின் அர்ச்சகப் பொறுப்பில் இருந்த செல்வந்தர். மன்றத்தையொட்டிய ஒரு மாபெரும் கட்டடத்தைத் தன் பெயரிலும் மகன் பெயரிலும் கட்டி அர்ப்பணித்தார். அதைக் கல்வெட்டிலும் பொறித்தார். வண்ணார் அவருக்குச் சிலை வைத்தார்கள். அவரது கல்லறை நகரின் கல்லறைகளிலேயே மிகப் பெரியது. யூமாக்கியாவைக் கல் காத்தது, ஸ்மிரினாவை வெறும் வண்ணம் காத்தது. இந்த இருவரையும் ஒரே தெருவில் வைத்துப் பார்க்கக் கிடைப்பது பொம்பெயியின் தனிச்சிறப்பு.

சுவரில் உள்ள பெயரைக் கொண்டு வீட்டுக்கு உரிமையாளரைக் கண்டுபிடிக்கும் ஆசை ஆய்வாளர்களைப் பலமுறை வழிதவற வைத்திருக்கிறது. 2.2.2 என்ற வாசலுக்கு உரியவர் லொரேயுஸ் திபுர்தினுஸ் என்று முதலில் சொன்னார்கள். சுவர் எழுத்துகளில் தனித்தனியே இருந்த இரு பெயர்களை ஒட்டவைத்து உருவான மனிதர் அவர். உள்ளே கிடைத்த வெண்கல முத்திரையை வைத்து இப்போது ஒக்தாவியுஸ் குவார்த்தியோ வீடு என்கிறார்கள். சலவைக்கூடத்துக்கு ஸ்தெஃபானுஸ் என்ற பெயரும் வாசலருகே இருந்த தேர்தல் அறிவிப்புகளிலிருந்தே வந்தது. அவர் முதலாளியா, மேலாளரா, வாடகைக்காரரா என்று அந்த எழுத்து சொல்வதில்லை. சான்று சொல்வதற்கு மேல் ஒரு சொல்லும் கூட்டாமல் நிற்பதே இந்தத் தெரு ஆய்வாளர்களுக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம்.

துணியும் மாவும் நிறமும்

ஸ்தெஃபானுஸ் சலவைக்கூடத்தின் பின்பகுதியில் தொடர் தொட்டிகளும், நின்றபடி துணியைக் காலால் மிதிக்கும் சிறு அறைகளும் இருந்தன. முன்பக்கம் துணியை மடித்து அழுத்தும் அச்சு இருந்தது. சோப்பு புழக்கத்தில் இல்லாத அந்தக் காலத்தில் கம்பளித் துணியின் எண்ணெய்ப்பசையைப் போக்க சிறுநீரைப் பயன்படுத்தினார்கள். சிறுநீரில் உள்ள யூரியாவைப் பாக்டீரியாக்கள் சிதைக்கும்போது அம்மோனியா உண்டாகிறது. அது காரத்தன்மை உடையது, கொழுப்பைக் கரைக்கும். பேரரசர் வெஸ்பாசியன் இந்தச் சிறுநீருக்கும் வரி போட்டதாக எழுத்தாளர் சுவெத்தோனியுஸ் சொல்கிறார். நகரம் அழிந்தபோது அரியணையில் இருந்தவர் வெஸ்பாசியனின் மகன் தித்துஸ்.

தெருவின் வடபுறம் ஒன்பதாம் வட்டாரத்தில் ஒரு ரொட்டிக்கூடம். எரிமலைக் கல்லில் செதுக்கிய பெரிய திரிகைகளைச் செக்குமாடு சுற்றுவதுபோலக் கழுதைகளும் கோவேறு கழுதைகளும் சுற்றி இழுத்தன. கொட்டிலில் அவை நின்ற இடத்திலேயே அவற்றின் எலும்புக்கூடுகள் கிடைத்தன.

அதே மனைத்தொகுதியில் உள்ள இன்னொரு வீட்டில் ஓவியர்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். வெடிப்பின்போது கிண்ணங்களையும் கருவிகளையும் போட்டது போட்டபடி ஓடியிருக்கிறார்கள். சாரத்திலிருந்து விழுந்த சுண்ணாம்புச் சாந்து, அப்போதுதான் வரைந்த சுவரில் தெறித்து அப்படியே காய்ந்திருக்கிறது. சுவரின் மேற்பகுதி முடிந்துவிட்டது. நடுவில் நிறம் பாதி ஏறியிருக்கிறது. ஓரிடத்தில் வெறும் காவிக்கோடுகள் மட்டும் நிற்கின்றன. முடிந்த ஓவியம் எதுவும் சொல்லாத வேலைமுறையை இந்த முடியாத சுவர் சொல்லிவிடுகிறது. சாந்து ஈரமாக இருக்கும்போதே நிறம் ஏற்ற வேண்டும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரிமவாயுவை உறிஞ்சி மீண்டும் கல்லாக மாறும்போது நிறத்துகள்களைத் தனக்குள் பூட்டிக்கொள்ளும். ஆகவே ஒருநாளில் முடிக்கக்கூடிய அளவுக்கே சாந்து பூசுவார்கள். அன்றைய பங்கு எதுவரை வந்திருந்தது என்பதைக்கூட அந்தச் சுவரில் காணலாம்.

வெற்றிடத்தைப் படித்தவர்கள்

சாம்பலுக்குள் மனித உடல் மக்கிப்போனால் அங்கே உடலின் வடிவில் வெற்றிடம் மிஞ்சுகிறது. 1863இல் ஃபியொரெல்லி அத்தகைய வெற்றிடங்களில் ஜிப்சக் கரைசலை ஊற்றி, இறுகியதும் சுற்றியுள்ள சாம்பலை உடைத்தார். மனிதர்கள் இறந்த நிலையிலேயே, உடையின் மடிப்போடு வெளிவந்தார்கள். இதே முறையில் கடைக் கதவுகளும் வார்க்கப்பட்டன. அபொந்தான்சா தெருவின் ஒரு கடைக்குப் பலகைகளை ஒன்றையடுத்து ஒன்றாகச் செருகிப் பூட்டும் கதவு இருந்தது. மரம் மறைந்து ஈராயிரம் ஆண்டானாலும் அதன் வார்ப்பு அதே வாசலில் நிற்கிறது.

அமெரிக்காவின் வில்ஹெல்மினா யாஷெம்ஸ்கி இந்த முறையைச் செடிகொடிகளுக்குக் கொண்டுபோனார். தெருவின் கிழக்குக் கோடியில், வட்டரங்கின் அருகே 2.5 என்ற பெரிய மனை உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கே கால்நடை எலும்புகள் கிடைத்ததால் அதை மாட்டுச்சந்தை என்றே அழைத்துவந்தார்கள். 1960களில் யாஷெம்ஸ்கி அதன் பழைய தரையைத் துப்புரவாக்கினார். வேர்கள் மக்கி உண்டான குழிகளில் நுரைக்கற்கள் நிரம்பியிருந்தன. அவற்றை அகற்றிச் சிமெண்ட் ஊற்றி வார்த்தபோது திராட்சைக் கொடியின் வேர்கள் வெளிவந்தன, அருகருகே ஊன்றுகோல்களின் குழிகளும் வெளிவந்தன. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கொடிகள் வரிசை பிசகாமல் நின்ற தோட்டம் அது. நகர மதிலுக்குள்ளேயே இத்தனை பெரிய திராட்சைத் தோட்டம் இருந்ததென்றால், நகரம் என்றால் கட்டடங்கள் என்று நாம் வைத்திருந்த எண்ணத்தையே திருத்த வேண்டியிருந்தது.

வேட்பாளர் பொலிபியுஸின் பெயரால் அழைக்கப்படும் வீடும் இதே தெருவில்தான். அதன் பின்னறைகளில் ஒன்றாக அடைந்து இறந்தவர்களின் எலும்புகள் கிடைத்தன. முதியோரும் சிறுவரும் அவர்களில் இருந்தார்கள். பதின்ம வயதின் கடைசியில் இருந்த ஒரு பெண்ணின் இடுப்பெலும்புகளுக்கிடையே, பிறக்கும் நாளை நெருங்கிய குழந்தையின் எலும்புகளும் இருந்தன. வெளியே நுரைக்கல் கொட்டிக்கொண்டிருந்த இரவில், நிறைமாதக்காரியை நடக்கவைத்துக் கூட்டிப்போவதைவிட வீட்டுக்குள் காத்திருக்கலாம் என்று அவர்கள் முடிவெடுத்திருக்கக்கூடும். அந்தக் குழந்தைக்குப் பெயர் இல்லை. ஆனால் அதன் முகவரியை நாம் அறிவோம்.

எலும்பு இன்னும் ஆழமாகப் பேசத் தொடங்கியிருக்கிறது. இந்தத் தெருவுக்குத் தெற்கே, கைவினைஞர் வீடு எனப்படும் இடத்தில் இறந்த 35–40 வயது ஆண் ஒருவரின் முழு மரபணுத் தொகுதியை 2022இல் ஆய்வாளர்கள் வாசித்தார்கள். அவரது முதுகெலும்பில் காசநோயின் அடையாளமும், எலும்பில் காசநோய்க் கிருமியின் மரபணுத் தடயமும் இருந்தன. 2024இல் வெளியான வேறொரு மரபணு ஆய்வு ஒரு பழைய கதையை மாற்றியது. நகரின் மேற்கோரத்தில் ஒரு வீட்டில், பொன் காப்பு அணிந்தவரும் அவரது மடியில் ஒரு குழந்தையும் வார்ப்பில் கிடைத்திருந்தார்கள். தாயும் பிள்ளையும் என்றே உலகம் நம்பியது. காப்பு அணிந்தவர் ஆண் என்றும், குழந்தைக்கு அவர் இரத்த உறவு இல்லை என்றும் தெரியவந்தது. அந்நியக் குழந்தையை ஒருவர் கடைசி நேரத்தில் தன்னோடு சேர்த்துக்கொண்டாரா, வேறு என்ன உறவு என்பதை மரபணு சொல்லாது.

தந்தமும் மிளகும்

1.8.5 வாசலுக்குள் 1938இல் தொல்லியலாளர் அமெதேயோ மயூரி ஒரு தந்தச் சிலையைக் கண்டெடுத்தார். ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் உயரம். நகை நிறைந்த ஒரு பெண், இருபுறமும் இரு சிறு தோழியர். இந்தியக் கைவேலை என்பதில் ஐயமே எழவில்லை. லட்சுமி என்று முதலில் அடையாளம் சொன்னார்கள். யட்சி என்று கொள்வோர் இன்று பலர். மகாராஷ்டிரத்தின் போகர்தனில் கிடைத்த தந்தச் சிலை இதை மிக நெருங்கி ஒத்திருக்கிறது. அடியில் கரோஷ்டி எழுத்து ஒன்று இருப்பதால் வடமேற்கு இந்தியாவோடும் தொடர்பு சொல்லப்படுகிறது. தலைக்கு மேலிருந்து துளையிட்டிருப்பதால் கண்ணாடிப் பிடியாகவோ மரச்சாமானின் பகுதியாகவோ இருந்திருக்கலாம்.

இந்தச் சிலை தமிழகத்திலிருந்து போனது அல்ல. தமிழகத்துக்கும் இந்தத் தெருவுக்குமான இணைப்பு அடுப்படியில் இருக்கிறது. அந்த இணைப்பு மிளகு. வெசுவியஸின் மறுபக்கத்தில் அதே வெடிப்பில் புதைந்த ஹெர்குலேனியம் நகரின் சாக்கடைப் படிவில், சாதாரணக் குடியிருப்புகளின் கழிவோடு மிளகு மணிகள் கிடைத்திருக்கின்றன. எகிப்தின் செங்கடல் துறைமுகமான பெரெனிகேயில் ஓர் இந்தியத் தாழியில் 7.5 கிலோ மிளகு கிடைத்தது. தமிழ்ப் பிராமி எழுத்துள்ள பானை ஓடு ஒன்றும் அங்கே கிடைத்திருக்கிறது. யவனர் கப்பல்கள் முசிறியில் தங்கத்தைக் கொடுத்து மிளகு ஏற்றிச் சென்றதை அகநானூறு பதிவுசெய்கிறது. மூத்த பிளினி தன் இயற்கை வரலாறு நூலில் முசிறியைக் குறிப்பிட்டு, ஆண்டுக்கு 5 கோடி செஸ்தெர்த்தியுஸ் இந்தியாவுக்குப் போய்விடுகிறது என்று குறைப்பட்டுக்கொண்டார்.

அதே பிளினி கருமிளகின் விலையையும் எழுதிவைத்திருக்கிறார்: ஒரு ரோமானிய ராத்தலுக்கு 4 தினாரியுஸ், அதாவது 64 ஆஸ். பொம்பெயியின் ஒரு மதுக்கடைச் சுவரில் சாதாரண மது ஒரு கோப்பை 1 ஆஸ் என்று விலை எழுதியிருக்கிறது. ஒரு ராத்தல் மிளகின் விலைக்கு 64 கோப்பை மது வாங்கலாம். விலை அதிகம்தான், ஆனால் சிறிதளவு வாங்கிப் பயன்படுத்த எட்டாத விலை அல்ல. 1.8.8 உணவுக்கடையின் மேடையில் பதித்திருந்த தாழிகளில் ஒன்றில் ஏறத்தாழ 3 கிலோ எடையுள்ள நாணயங்கள் கிடைத்தன. கடைக்காரர் திரும்பி வரும் நம்பிக்கையில் விட்டுச்சென்ற பணமாக இருக்கலாம். அந்த நாணயங்களில் சில மிளகு போட்ட உணவுக்குக் கைமாறியிருக்கவும் கூடும்.

முசிறியைப் பற்றி எழுதிய பிளினி அப்போது மிசேனம் துறைமுகக் கடற்படைத் தலைவர். வெடிப்பைக் கண்டதும் மக்களை மீட்கக் கப்பல்களோடு புறப்பட்டு, பொம்பெயியின் தெற்கே ஸ்தாபியே கரையில் உயிரிழந்தார். மேற்குக் கடற்கரையின் மிளகையும் வெசுவியஸின் சாம்பலையும் ஒரே மனிதர் அறிந்திருந்தார்.

தோண்டாமல் விட்டவை

வெளிக்கொணர்ந்த தெரு அந்த நாளிலிருந்து மழைக்கும் வெயிலுக்கும் ஆளாகிறது. 1943இல் நேசநாட்டு விமானங்களின் குண்டுகள் இந்தத் தெருவிலும் விழுந்து பல வீடுகளைச் சிதைத்தன. அப்படிச் சிதைந்து, பின்னர் கான்கிரீட்டால் மீட்டுக்கட்டிய ஸ்கோலா ஆர்மதுராரும் என்ற கட்டடம் 2010 நவம்பர் 6 அன்று காலை இடிந்து விழுந்தது. உலகமே அதிர்ந்தது. அதற்குப் பிறகுதான் இத்தாலியும் ஐரோப்பிய ஒன்றியமும் பெருநிதி ஒதுக்கி, வடிகால் அமைத்து, சரிவுகளைப் பலப்படுத்தி, சுவர்களைப் பேணும் பெரும்பணியைத் தொடங்கின. எரிமலை காத்துக்கொடுத்ததை மனிதர்கள் காக்க அதைவிட அதிக உழைப்பு வேண்டும்.

பொம்பெயியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இன்னும் மண்ணுக்கடியில் இருக்கிறது. அபொந்தான்சா தெருவின் வடபுறத்தில், கிழக்கே போகப் போக, முகப்பு மட்டும் வெளியே தெரியும் வீடுகள் பல. வாசல் இருக்கிறது, சுவரில் தேர்தல் எழுத்து இருந்தது, உள்ளே போனால் சில அடிகளில் நுரைக்கல் மேடு. பெரும்பகுதியைத் தோண்டாமல் விடுவது என்பது இன்று திட்டமிட்ட முடிவு. அதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஃபியொரெல்லிக்கு முன் தோண்டியவர்கள் வெற்றிடங்களை உடைத்து எறிந்தார்கள், அவற்றில் மனிதர்கள் இருந்தது அவர்களுக்குத் தெரியாது. ஸ்பினாட்சோலாவின் காலத்தில் எலும்பிலிருந்து மரபணுவை வாசிக்கும் வழியே கிடையாது. மாட்டுச்சந்தையின் வேர்க்குழிகள் இரண்டு நூற்றாண்டு பொறுத்திருந்ததால்தான் யாஷெம்ஸ்கிக்குத் திராட்சைத் தோட்டம் கிடைத்தது. ஒருமுறை தோண்டிய மண்ணை மறுமுறை தோண்ட முடியாது. அந்த வீடுகளில் இருப்பவர்களைப் பற்றி இன்று நாம் கேட்கத் தெரியாத கேள்விகளைக் கேட்கக்கூடியவர்கள் பின்னால் வருவார்கள். அவர்களுக்கு அந்த மண்ணைக் கலைக்காமல் ஒப்படைப்பது, தெருவில் இதுவரை படித்த எல்லாவற்றுக்கும் நாம் செலுத்த வேண்டிய நன்றி.